நான் நீட்டிய வரவுத்தாள்

அவளும் நானும் ஒரே நாளில்தான் இந்த வேலைக்கு வந்தோம். திருகோணமலையில் ஒரு தொண்டு நிறுவனத்தில் இருவரும் வெளிக்கள உத்தியோகத்தர்கள். அது மூடப்பட்ட பிறகு ஆளுக்கொரு மாதர் சங்கம் தொடங்கினோம். நான் துறைமுகத்துக்குக் கிட்ட, அவள் குச்சவெளியில். என்னிடம் ஒரு தகர அறையும் சில பிளாஸ்டிக் கதிரைகளும். அவளுக்கு வெளிநாட்டு உதவி, ஏசி போட்ட ஒபிஸ். எனக்கு வயிறு எரிந்தது. அதை மறைத்து என்ன பயன்?

எங்கள் தொழிலில் கூட்டம் நடந்ததற்குச் சாட்சி வரவுத்தாள்தான். தேத்தண்ணிக்கென்று எட்டிப் பார்த்தவரும் பெயர், அடையாள அட்டை இலக்கம், போன் நம்பர் எழுதிக் கையெழுத்து வைத்துவிட்டுத்தான் போக வேண்டும். என் கூட்டங்களில் ஒரு தாள் நிரம்பாது. அவளுக்கு நாலு தாள் போகும்.

அந்த நேரம்தான் வெளிநாட்டு உதவி வாங்கும் சங்கங்களை அரசாங்கம் இறுக்கப் போகிறது என்ற கதை வந்தது. புதிதாகப் பதிய வேண்டுமாம், யார் தருகிறார்கள், எதற்குத் தருகிறார்கள், யாரையெல்லாம் கூட்டுகிறீர்கள் என்று எழுதிக் கொடுக்க வேண்டுமாம். மற்றவர்கள் கலங்கிப் போயிருந்தார்கள். எனக்கு உள்ளுக்குள் ஒரே சந்தோசம். எனக்கு அனுப்ப வெளிநாட்டில் யார் இருக்கிறார்கள்?

அந்த மாதம் அவள் ஒரு காணிக் கூட்டம் வைத்தாள். யாரோ வேலி அடைத்துவிட்டதால் சொந்தக் காணிக்குள் போக முடியாமல் நின்ற பெண்களுக்காக. என்னையும் கூப்பிட்டாள். என் சங்கத்துப் பெண்களில் யார் யார் அங்கே ஓடுகிறார்கள் என்று பார்க்கத்தான் போனேன். வரவுத்தாளை இரகசியமாகப் போனில் படமும் எடுத்துக்கொண்டேன்.

அடுத்த கிழமை சிவில் உடுப்பில் புலனாய்வுப் பொலிஸ்காரர் இருவர் என் அறைக்கு வந்தார்கள். மிகவும் மரியாதையாகப் பேசினார்கள்.

“உங்களுக்கு ஒரு பிரச்சினையும் இல்லை. நீங்கள் வெளிநாட்டுக் காசு எடுக்கிறேல்லத்தானே. குச்சவெளிக் கூட்டத்துக்கு ஆர் ஆர் போறவை?”

தெரியாது என்றிருந்தால் எழும்பிப் போயிருப்பார்கள். நான் போனை எடுத்து நீட்டினேன். அவள் கொஞ்சம் அலையட்டும் என்ற நினைப்புத்தான். அந்தத் தாள் முழுக்கக் கையெழுத்து வைத்த பெண்கள் இருக்கிறார்கள் என்பது என் மரமண்டைக்கு ஏறவில்லை.

அந்தப் பெண்களின் வீடு வீடாகப் போய், பிள்ளைகளுக்கு முன்னால் விசாரித்திருக்கிறார்கள். அதோடு அவளுடைய கூட்டத்துக்கும் ஆட்கள் வரவில்லை, என்னுடையதுக்கும் வரவில்லை. இனி எந்தத் தாளிலும் பெயர் எழுத மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள்.

ஒரு நாள் காலை அவள் பஸ்ஸில் வந்து இறங்கினாள். கையில் கனத்த பை.

“அக்கா, இது அந்தப் பெண்டுகளின்ர காணிப் பத்திரங்கள். நாளைக்குப் பொலிஸ் என்ர ஒபிஸைச் சோதிக்க வருகினமாம். எங்கட ஆக்கள் ஆரோதான் அந்தத் தாளைக் குடுத்திருக்கினம். ஒருத்தரையும் நம்ப ஏலாது. இது உங்களிட்ட இருக்கட்டும்.”

“ஓம்” என்றேன். பையை வாங்கி அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினேன். தேத்தண்ணியும் வேண்டாம் என்று அவள் அடுத்த பஸ்ஸுக்கு ஓடினாள். எல்லாம் போன பிறகும் இப்படி ஒருத்தியை நம்ப அவளால் முடிகிறதே என்று, அந்த நேரத்திலும் எனக்குப் பொறாமையாக இருந்தது.