சேலை வேலியும் ரேடார் பெட்டியும்

அரும்பாவூரில் என் மனைவியின் அண்ணனுடைய மக்காச்சோளக் கொல்லைக்குச் சேலைதான் வேலி. சொந்தபந்தங்களின் வீடுகளில் பழசாகிப்போகும் புடவைகள் எல்லாம் பஸ் ஏறி அங்கே வந்து சேரும். கம்புக்குக் கம்பு இழுத்துக் கட்டினால், ஆள் நிற்பதாக நினைத்துக் காட்டுப்பன்றி திரும்பிப் போய்விடும் என்று ஒரு நம்பிக்கை. பன்றிகளுக்கு அது எப்போதோ பழகிவிட்டது. போன போகத்தில், கருது பால் பிடிக்கிற நேரம் பார்த்து, பாதிக் கொல்லையைப் படுக்க வைத்துவிட்டுப் போயின.

"இந்த ஒரு போகம் பாப்பேன் மாப்ள. இதுவும் பன்னிக்குத்தான்னா, தரிசாப் போட்டுட்டு அரியலூருக்குச் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டப் போயிருவேன். லாரிக்காரருகிட்ட சொல்லியும் வச்சுட்டேன்" என்றார் மச்சான். சொன்னால் செய்கிறவர்.

என் மனைவி பெரம்பலூரில் பாலிடெக்னிக் ஒன்றில் எலக்ட்ரானிக்ஸ் நடத்துகிறவள். அண்ணனிடம் அவள் வாதாடவில்லை. தீப்பெட்டியைவிடச் சிறிய ரேடார் பலகை ஒன்றை வரவழைத்து, ஒரு டிபன் டப்பாவுக்குள் வைத்து, பேட்டரியும் சைரனும் இணைத்தாள்.

"ரேடார்னா ஏரோப்ளேன் பாக்குறதுல்ல?" என்றேன்.

"இதுக்கு அவ்ளோ மூளையெல்லாம் கெடையாதுங்க. ஒரு அலைய அனுப்பும். பட்டுத் திரும்பி வர்றது முன்ன மாதிரியே இருந்தா சும்மா இருக்கும். மாறி வந்தா கத்தும். அவ்ளோதான்."

அந்த 'அவ்ளோதான்' எனக்குப் பிடித்துப்போனது. எதிரொலியை வைத்தே உலகத்தைத் தடவித் தெரிந்துகொள்ளும் ஒரு பொருள், சாம்பார் வாசம் இன்னும் போகாத டப்பாவுக்குள்.

வேலிக்கும் பயிருக்கும் நடுவே விட்டிருந்த வெறும் மண் பாதையைப் பார்த்தபடி அதைக் கம்பத்தில் கட்டினோம். கட்டிய அன்று காற்று. பச்சைமலைப் பக்கமிருந்து வந்த ஒவ்வொரு வீச்சுக்கும் சைரன் அலறியது.

"ஒம் மெஷினு காத்துக்கே இப்புடிப் பயப்படுதே பாப்பா! பன்னி வந்தா மயக்கம் போட்டு வுழுந்துரும்" என்றார் மச்சான்.

அவள் வேலியோரமாகவே நடந்தாள். ரோட்டுப் பக்கத்துச் சேலைகள் படபடத்தால் மட்டும்தான் சைரன் அடிக்கிறது என்பதைக் கண்டுபிடித்தாள். அத்தனையும் அகலக் கரைபோட்ட ஜரிகைச் சேலைகள். வெறும் துணியை ஊடுருவிப் போய்விடுகிற அலை, ஜரிகையின் உலோக இழையில் பட்டுத் திரும்பிவிடுகிறது.

"ரோட்ல போறவங்க பாப்பாங்களேன்னு நல்ல சேலையா முன்னாடி கட்டினேன்" என்றார் மச்சானின் மனைவி, சங்கடத்தோடு.

"வேலிக்கே சீர் செஞ்சு வச்சிருக்கீங்களே அண்ணி!" என்றபடி என் மனைவி அவிழ்க்கத் தொடங்கினாள். ஜரிகை இறங்கியதும் பெட்டி அமைதியானது.

மறுநாள் விடியற்காலைக் கருக்கலில் நிஜப் பன்றியே வந்தது. சைரன் அடித்ததும் மண் பாதையில் அப்படியே உறைந்து நின்றது. நாங்களும் மூச்சைப் பிடித்துக்கொண்டோம். கொஞ்ச நேரத்தில் சைரன் தானாக அடங்கியது. பன்றி நிதானமாகப் பயிருக்குள் நுழைந்தது. மச்சான் தகரத்தைத் தட்டிக்கொண்டு ஓடி அதை விரட்டிவிட்டுத் திரும்பினார். கையில் ஒடிந்த சோளத்தட்டைகள்.

"சாயங்காலம் லாரிக்காரரு போன் பண்ணுவாரு. வரேன்னு சொல்லிருவேன்." குரலில் கோபம்கூட இல்லை.

என் மனைவி தரையில் உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தாள். அசைவது நின்றுவிட்டால், நிற்கும் கம்பம், வரப்பு, கல்லோடு அதையும் சேர்த்துவிடும்படி அவள்தான் புரோகிராம் எழுதியிருந்தாள். பன்றியும் கல்லாகிவிட்டது.

"ஆனா கல்லு மூச்சு விடாதுல்ல?" என்றாள், யாரிடமோ கேட்பதுபோல. "வந்து நின்ன எடத்த விடாம பாக்கணும். வயிறு ஏறி எறங்குறது தெரிஞ்சுக்கிட்டு இருக்குற வரைக்கும் கத்தணும்."

வெயில் தாழ்ந்தபோது பெட்டி மறுபடியும் கம்பம் ஏறியது. சோதித்துப் பார்க்கப் பன்றி வேண்டும். யாரும் சொல்வதற்குமுன் மச்சான் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு மண் பாதையில் கையும் காலுமாக ஊர்ந்தார். சைரன் அடித்தது. நின்றார். அது அடங்கவில்லை.

"அசையாம நில்லுங்க, நீங்க பன்னி!" என்று அவர் மனைவி வரப்பிலிருந்து கத்தினார்.

மச்சான் கன்னம் உப்ப மூச்சை அடக்கினார். சைரன் நின்றது. முகம் சிவந்து, கண் பிதுங்கி, புஸ்ஸென்று மூச்சை விட்டார். உடனே அலறியது. நான் சிரித்துச் சிரித்து வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டேன். என் மனைவி சிரிக்கவில்லை. அண்ணனின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் சட்டைப்பையில் போன் அடித்தது. மண்டியிட்டபடியே எடுத்துப் பார்த்தார். கொல்லையை ஒருமுறை, தங்கச்சியை ஒருமுறை.

"அண்ணே, வேற டிரைவரப் பாத்துக்கங்கண்ணே. இல்ல, இங்க வேல கெடக்கு... என்னது? சத்தமா?" சைரனுக்கு மேல் குரலை உயர்த்தினார். "ஒண்ணுமில்லண்ணே, கொல்லையில பன்னி வந்துருக்கு. ஆமா, நாந்தாண்ணே அது!"