கணவன் புலம்பல், பக்கம் ஏழு

அச்சுவேலிப் பக்கம் ஒரு சாவு விழுந்தால், நாலாம் ஐந்தாம் நாள் இராசமலரின் வாசல் படலையில் ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நிற்கும். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்குக்கு வருபவர்களுக்குக் கொடுக்கும் கல்வெட்டுப் புத்தகத்தை எழுதுபவர் அவர்தான். முதலில் இறந்தவரின் வாழ்க்கைக் குறிப்பு. பிறகு மனைவி புலம்பல், மகன் புலம்பல், மருமகள் புலம்பல். புலம்புவது அவர்கள், சொற்கள் இராசமலருடையவை.

ஐம்பத்தாறு வயதுக்காரர். வாரப் பத்திரிகைகளில் ஒன்பது சிறுகதைகள் வந்திருக்கின்றன. கதையில் பழகியதையே கல்வெட்டுக்கும் கொண்டுவந்தார். முதல் வரியில் மழையை வைத்தால் வாசிப்பவரின் குரல் தானாகத் தாழும். நீண்ட வசனம் ஒன்றை ஓடவிட்டு, அடுத்ததை இரண்டே சொல்லில் முறித்தால் தொண்டை அடைக்கும். யாரும் உட்காராத வெறும் கதிரை, அணைந்த விளக்கு, இரண்டில் ஒன்று போதும். கனடாவிலிருந்து தொலைபேசி எடுக்கிற பிள்ளைகள், அழவைக்கிற மாதிரி எழுதச் சொல்லிக் கேட்பார்கள். அவரும் அழவைத்தார்.

அழாத வாசகி ஒருத்திதான். உடுப்பிட்டியில் கட்டிக்கொடுத்த தங்கை சிவகௌரி. ஒவ்வொரு கல்வெட்டும் வெளியான அன்று பின்னேரம் ஐந்து மணிக்குத் தொலைபேசி எடுப்பாள். “இண்டைக்கு எந்த ஊரிலை மழை பெய்ஞ்சது, அக்கா?”

அந்தச் சிவகௌரி இந்த ஆவணியில் இறந்துபோனாள். முற்றத்தில் மிளகாய் கிளறிக்கொண்டு நின்றவள் அப்படியே சரிந்தாள். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர முன்னரே எல்லாம் முடிந்துவிட்டது.

தங்கையின் கல்வெட்டை வேறு யாரிடம் கொடுப்பது? அச்சகக்காரர் வெள்ளிக்கிழமைக்குள் கேட்டார். புதன்கிழமை இராசமலர் கொப்பியை விரித்தார். கை தன்பாட்டில் ஓடியது. ஏழாம் பக்கம், கணவன் புலம்பல்: மழை ஓயாத அந்தக் காலையில் என் வீட்டு விளக்கை அணைத்துவிட்டுப் போனாயே. எழுதிவிட்டு, தான் எழுதியதற்குத் தானே அழுதார்.

மறுநாள் தங்கையின் கணவர் நடராசா வந்தார். நின்றபடியே இரண்டு தரம் வாசித்தார்.

“உது ஆர், மச்சாள்?”

நீங்கள்தான் என்றார் இராசமலர்.

“நானில்லை. அண்டைக்கு எங்கை மழை? வெயில் எரிச்சுது. மிளகாய் காயப்போட்டுக் கிடந்தது. நான் அவளை விளக்கெண்டு ஒருநாளும் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் சிரிச்சே செத்திருப்பாள்.”

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவருக்கே கேட்டது. கதிரையில் இருந்துவிட்டார். அப்படியென்றால் என்ன எழுதட்டும் என்று இராசமலர் கேட்டார். நடராசா கொப்பியை மூடி வைத்தார்.

“குக்கர் மூண்டு விசில் விட்டால் நிப்பாட்டுங்கோ எண்டு முற்றத்திலை நிண்டு சொன்னவள். ரெண்டாவது விசிலுக்கு விழுந்திட்டாள். நான் நிப்பாட்டேல்லை, மச்சாள்.”

பக்கத்து வீட்டார்தான் பிறகு அடுப்பை அணைத்திருக்கிறார்கள். பருப்பு கரியாகிவிட்டதாம். குக்கரை நடராசா இன்னும் கரி போக மினுக்கவில்லை.

இராசமலர் அந்தப் பக்கத்தை வெட்டிவிட்டு, அவர் சொன்னதை அவர் சொன்ன ஒழுங்கில் எழுதினார். கடைசி வசனத்துக்கு முன்னால் ஓர் இடைவெளி விடக் கை உன்னியது. விடவில்லை.

எட்டாம் பக்கம் சகோதரி புலம்பல். இத்தனை வருடங்களில் தன் பெயரில் அவர் புலம்பியதே இல்லை. மழை வந்தது, கதிரை வந்தது, எல்லாம் யாரோ வீட்டுச் சாமான்களாக இருந்தன. வெள்ளி காலை அச்சகத்திலிருந்து இரண்டு தரம் தொலைபேசி எடுத்துவிட்டார்கள். மூன்றாம் தரம் எடுத்த பிறகு ஒரே வரியை எழுதிக் கொடுத்தார்: “உன் ஊரில் அன்றைக்கு மழை பெய்யவில்லை, கௌரி.”

அந்தியேட்டியன்று லண்டனிலிருந்து வந்திருந்த ஒன்றுவிட்ட தங்கை ஒருத்தி, மற்றக் கல்வெட்டுகளைப்போல இது அழுகை வரவைக்கவில்லை என்று குறைப்பட்டாள். இராசமலர் மறுத்துப் பேசவில்லை. நடராசா ஏழாம் பக்கத்தை மடித்துப் பிடித்தபடி குசினிக்குள் அடுப்படிக்குப் போனார். சாப்பாட்டுப் பந்தி முடியும்வரை வெளியே வரவில்லை.

பின்னேரம் அச்சுவேலிக்குத் திரும்பி வந்த இராசமலர், ஐந்து மணிக்குத் தொலைபேசியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். பழக்கம்தான். உடுப்பிட்டியிலிருந்து இனி அழைப்பு வராது என்பது கொஞ்ச நேரம் கழித்தே அவருக்கு உறைத்தது.