தொண்ணூறாவது நாள்

பிள்ளைகளை எண்ணுவது எளிது என்று நினைப்பவர்கள் வருகைப் பதிவேடு வைத்துப் பார்க்காதவர்கள். அதை வைத்து அவதிப்படுகிறவர்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். கடலூரில் ஒரு தேவாலயம் நடத்தும் இளையோர் பயிற்சி மையத்தில் பதினோரு வருஷமாகப் பதிவேடு எழுதுகிறேன். படிப்பை விட்டவர்கள், வீட்டைவிட்டு ஓடியவர்கள், போலீஸ் ஸ்டேஷன் வாசலைப் பார்த்தவர்கள் இங்கே வருவார்கள். பயிற்சி நூறு நாள். தொண்ணூறு நாள் வந்தவர்களுக்குத்தான் பட்டமளிப்பு விழாவில் சான்றிதழ்.

முப்பது அங்கி

விழாவுக்குக் கறுப்பு அங்கி சிதம்பரத்தில் ஒரு வாடகைக் கடையிலிருந்து வரும். எல்லாம் கல்லூரிப் பிள்ளைகள் அளவு. இந்த வருஷம் முப்பது பேர். ஒத்திகை அன்று அங்கிக்கு இரண்டு வீதம் அறுபது ஊக்கு குத்தி இழுத்துப் பிடித்தேன்.

தேவனாம்பட்டினத்துப் பையன் ஒருவன் அடிதடி வழக்கில் போன வருஷம் கோர்ட்டுக்கு அலைந்தவன். அங்கியோடு நின்ற அவனை அவன் அம்மா மேலும் கீழும் பார்த்தார்.

"உனக்கு வக்கீலு தேடி எத்தினி நாளு அலைஞ்சேன்! இப்ப நீயே வக்கீலாட்டம் நிக்கிறியேடா, பாவி!"

எண்பத்தொன்பது

ஊக்கு குத்தும்போது குடிகாட்டுக் குமுதா வாசற்படியில் நின்றாள். பதினேழு வயது. இரண்டு முறை வீட்டைவிட்டு ஓடியவள். சிதம்பரத்தில் நர்ஸ் உதவியாளர் பயிற்சியில் சேர அவளுக்கு இந்தச் சான்றிதழ் வேண்டும். கிடைக்காவிட்டால் வீட்டோடு நிறுத்திவிடுவதாக அவள் அப்பா சொல்லியிருந்தார். என் பதிவேட்டில் அவளுக்கு எண்பத்தொன்பது நாள். மூன்று தரம் கூட்டிப் பார்த்துவிட்டேன்.

"ஒரு நாள்தானே, போட்டுடுங்களேன்" என்றார் மையப் பொறுப்பிலிருக்கும் ஃபாதர். போட மாட்டேன் என்றேன்.

குமுதா உள்ளே வந்தாள். பெருமழை பெய்த நாளில் தான் வந்ததாகவும், கேட் பூட்டியிருந்ததாகவும் சொன்னாள். பக்கத்தைப் புரட்டினேன். 'மழை. யாரும் வரவில்லை' என்று என் கையெழுத்திலேயே இருந்தது. உண்மையில் அன்று எங்கள் தெருவில் முழங்கால் தண்ணீர். நான் பாதியிலேயே திரும்பிவிட்டேன். அந்த வரியை எழுதியது மறுநாள். சாவியும் என்னிடம்தான் இருந்தது. இதை அவளிடம் சொன்னேன்.

"நீங்க வராத நாளுக்கு யாரு சார் ஆப்சென்ட் போடறது?"

ஒரு டம்ளர் டீ

அவள் கேட்டது நியாயம். ஆனால் சொன்னதை மட்டும் வைத்து டிக் போட முடியாது, சாட்சி வேண்டும். மையத்துக்கு எதிர்வீடு எங்கள் சமையல்காரர் அன்னம்மாவுடையது. போய்க் கேட்டேன்.

"வந்துச்சே! பஸ்ஸு இல்லன்னு கம்பெனி லாரில ஏறி வந்துச்சாம். தொப்பலா நனைஞ்சிக்கினு கேட்டாண்ட நின்னுச்சி. கூப்ட்டு டீ குடுத்தேன். பத்து மணி வரிக்கும் ஒங்களுக்காகப் பாத்துட்டுத்தான் போச்சி" என்றார்.

இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். அவர் கத்தரிக்காய் நறுக்குவதை நிறுத்தவில்லை.

"ஒங்க நோட்டுல டீ குடிச்சவங்களுக்குக் கட்டம் இருக்குதான்னு எனக்கு எப்டிண்ணே தெரியும்?"

முப்பத்தோராவது அங்கி

பழைய வரியைச் சிவப்பு மையில் அடித்தேன். குமுதாவுக்கு வருகை போட்டேன். கீழே என் பெயரை எழுதி, எதிரே 'வரவில்லை' என்று எழுதிக் கையெழுத்திட்டேன். மறுநாள் பஸ் ஏறிச் சிதம்பரம் போய் இன்னொரு அங்கி வாங்கி வந்தேன். ஊக்கு அறுபத்திரண்டு ஆயிற்று.

விழாவில் அவள் பெயர் கூப்பிட்டபோது சத்தமாகக் கைதட்டியது அன்னம்மாதான். நான் வழக்கம்போல் வாசலருகே மேசை போட்டு, சான்றிதழ் பெற்றவர்களிடம் கையொப்பம் வாங்கிக்கொண்டிருந்தேன். குமுதா அப்பாவோடு வந்தாள். அவர் சான்றிதழை வெளிச்சத்தில் பிடித்து, முத்திரையை விரலால் தேய்த்துப் பார்த்தார். "எல்லாருக்கும் சும்மா தர்றதுதான இது?" என்றார் மகளிடம்.

குமுதா என்னைக் கை காட்டினாள்.

"சும்மாவா? இந்த ஆளுகிட்டயிருந்து ஒரு நாள வாங்கறதுக்குள்ள உசுரே போச்சுப்பா!"

அவர் சான்றிதழைச் சட்டைக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டு, சிதம்பரத்துக்குக் காலையில் முதல் பஸ் எத்தனை மணிக்கு என்று என்னிடமே கேட்டார்.

பதினோரு வருஷத்தில் நான் குறைத்து எண்ணியது ஒரே ஒரு பிள்ளையை. வந்து சண்டை போட்டவர்களை மட்டும் வைத்துப் பார்த்த கணக்கு அது.