கம்பெனி வக்கீல் பார்த்த படம்

அப்பா சினிமாவுக்கு வருவதாகச் சொன்னதே எங்களுக்கு அதிசயம். கோவை ஆர்.எஸ்.புரத்து வீட்டின் முன்னறையில் சட்டப் புத்தகங்களுக்கு நடுவே ஞாயிற்றுக்கிழமையைக்கூடக் கழிக்கிறவர் அவர். தொண்ணூறுகளின் நடுவில், ப்ளஸ் டூ முடித்துவிட்டு நான் கல்லூரிக்குக் காத்திருந்த கோடையில் அந்தப் படம் வந்தது. ஓர் இளம் வக்கீல் பெரிய கம்பெனியை எதிர்த்து வழக்காடுகிற கதை.

"வக்கீல் படமா கண்ணு? அப்ப நானும் வாரேன்" என்று சட்டையை மாட்டிக்கொண்டார்.

அவர் கம்பெனிகளுக்கு ஆஜராகிற வக்கீல். சிங்காநல்லூர்ப் பக்கம் ஒரு பஞ்சாலைதான் முக்கியமான கட்சிக்காரர். கிளம்பும்போது அப்பா, அம்மா, நான் மூவரில் யாருக்கும் அது உறைக்கவில்லை.

இடைவேளை வரைக்கும் அப்பா குழந்தை மாதிரி ரசித்தார். கதாநாயகன் மேஜையைத் தட்டி முழங்கியபோது "சபாஷ்!" என்று அவர் கத்தியதில் முன்வரிசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். இடைவேளையில் எனக்கும் அம்மாவுக்கும் கோன் ஐஸ் வாங்கி வந்தார். தனக்குச் சளி பிடிக்கும் என்று வேண்டாமென்றவர், என் கோனில் பாதியைத் தின்றுவிட்டார்.

அதற்குப் பிறகுதான் கம்பெனி வக்கீல் திரையில் வந்தார். தங்க பிரேம் கண்ணாடி, காதோரம் நரை, தணிந்த குரல். அசல் எங்கள் அப்பா. கூண்டில் நின்ற ஒரு தொழிலாளிப் பெண்ணிடம் அவள் நடத்தையைப் பற்றி அசிங்கமாக ஏதோ கேட்டார். அவள் அழுதாள். தியேட்டரே ஊளையிட்டது. அம்மா மெல்லத் தலையைத் திருப்பி அப்பாவைப் பார்த்தாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். அந்தக் காட்சி முடிகிறவரை துடைத்துக்கொண்டே இருந்தார்.

படம் முடிந்து காரில் திரும்பினோம்.

"ஏனுங்க, நீங்களும் இப்படித்தான் கேப்பீங்களா?" என்றாள் அம்மா.

"அதெல்லாம் சினிமா அம்மணி. கோர்ட்ல அப்படிக் கத்துனா ஜட்ஜ் வெளிய அனுப்பிப்போடுவாரு."

"கத்தறதைப் பத்திக் கேக்கலீங்க. அந்தப் புள்ளைகிட்டக் கேட்டாரே, அதைக் கேட்டேன்."

அப்பா ஹாரன் அடித்தார். முன்னால் வண்டி எதுவும் இல்லை.

அப்போது அந்தப் பஞ்சாலை வழக்கு ஒன்று தொழிலாளர் நீதிமன்றத்தில் நடந்துகொண்டிருந்தது. நூல் சுற்றும் பிரிவில் ஒரு பெண் மயங்கி விழ, கூட வேலைசெய்த நாலைந்து பெண்கள் அவளைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியிருக்கிறார்கள். அனுமதி இல்லாமல் வேலையை விட்டுப் போனதாகச் சொல்லி ஆலை அத்தனை பேரையும் நீக்கிவிட்டது. அவர்களுக்காக வாதாடியவர் புதிதாகத் தொழிலுக்கு வந்த ஒல்லியான பையன். கறுப்புக் கோட்டை மடித்து மடியில் வைத்துக்கொண்டு மொபெட்டில் வருவார் என்று அப்பா சிரித்தபடியே சொல்லியிருக்கிறார்.

படம் பார்த்து ஒரு வாரம் போயிருக்கும். கோர்ட்டிலிருந்து வந்த அப்பா, கோட்டைக்கூடக் கழற்றாமல் சமையலறை வாசலில் வந்து நின்றார். நான் உள்ளே தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன்.

"இன்னைக்கு அந்தப் புள்ளைகள்ல ஒண்ணைக் குறுக்கு விசாரணை பண்ணினேன். ஆலை ஆபீசர் பக்கத்துல வந்து, 'இந்தப் புள்ளையை ஊட்டுக்காரன் உட்டுட்டுப் போயிட்டான், ஏன் போனான்னு கேளுங்க சார், தானா ஒடிஞ்சிரும்'னு காதுல சொன்னான்."

அம்மா அடுப்பைத் தணித்தாள். "கேட்டீங்களா?"

"வாயைத் தொறந்தேன். நீ பின்னால பெஞ்சுல உக்காந்து பாக்கற மாதிரியே இருந்துச்சு. வேற கேள்வி இல்லீங்கய்யான்னு உக்காந்துட்டேன்."

அம்மா காபியை ஆற்றி அவர் கையில் கொடுத்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, தேங்காய் போதும் என்றாள். அவள் முகம் அப்படி மலர்ந்து நான் அதிகம் பார்த்ததில்லை.

தீர்ப்பு அந்தப் பெண்கள் பக்கம் வந்தது. ஆலை மேல்முறையீட்டுக்குச் சென்னையில் வேறு வக்கீலை வைத்துக்கொண்டது. மெல்ல மெல்ல மற்ற வழக்குகளையும் அப்பாவிடமிருந்து எடுத்துக்கொண்டது. அவருக்கு வருத்தம்தான். பல வருஷப் பழக்கம். சாயங்காலங்களில் முன்னறைக்கும் கேட்டுக்குமாக நடந்துகொண்டிருப்பார். அம்மா ஆரஞ்சை உரித்து அவர் கையில் திணித்துவிட்டுக் கூடவே நடப்பாள்.

சென்னையிலும் ஆலை தோற்றது. பெண்கள் வேலைக்குத் திரும்பிய அன்று அந்த இளம் வக்கீல் மொபெட்டில் எங்கள் வீட்டுக்கே வந்தார். உள்ளே வரத் தயங்கி கேட்டருகிலேயே நின்றார்.

"சார், அவங்கெல்லாம் இன்னைக்கு ஷிப்டுக்குப் போயிட்டாங்க. உங்ககிட்டச் சொல்லோணும்னு தோணுச்சுங்க."

"உள்ள வாங்க. சாப்புட்டுப் போலாம்" என்றார் அப்பா.

அன்றைக்கு அரிசிம்பருப்பு சாதம். வந்தவர் இரண்டு வாய்தான் வைத்திருப்பார், அப்பா ஆரம்பித்துவிட்டார்.

"உங்க ரெண்டாவது பாயிண்ட் ரொம்ப பலவீனமுங்க தம்பி. நான் கொஞ்சம் அழுத்தியிருந்தேன்னா சாஞ்சிருக்கும்."

"தெரியுமுங்க சார். அன்னைக்கு அதை அவசரமாச் சொல்லி முடிச்சிட்டேனுங்க."

"சாப்புட உடுங்களேன்" என்று அம்மா அதட்டி, இரண்டு பேர் இலையிலும் நெய்யை ஊற்றினாள்.

அப்பா கடைசிவரை கம்பெனிகளுக்குத்தான் ஆஜரானார். அந்த வக்கீலும் அவரும் எத்தனையோ வழக்குகளில் எதிரெதிரே நின்றார்கள். அப்பா ஜெயித்ததும் உண்டு. அப்படிப்பட்ட நாட்களில் வீட்டுக்கு வந்ததும் முதலில் அம்மாவிடம் போய் நின்று, கூண்டில் நின்றவர்களிடம் என்னென்ன கேட்டேன் என்று ஒவ்வொன்றாகச் சொல்லுவார்.