தாட்சாயணி விழ நினைத்த நாள்

நகரிப் பக்கத்து விவசாயக் குடும்பத்தில் பிறந்து சித்தூருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள் தாட்சாயணி. புருஷன் போய்ச் சேர்ந்த பிறகு மாங்கூழ் ஃபேக்டரியே கதி என்றாகிவிட்டது. சீசன் முழுக்க நின்றபடியே தோல் சீவ வேண்டும். அறுபதைத் தாண்டியும் நின்றுகொண்டுதான் இருக்கிறாள். உட்கார ஸ்டூல் கேட்டவர்களை அடுத்த சீசனில் யாரும் கூப்பிடவில்லை.

அந்தத் தரை இருக்கிறதே, அதைப் பார்த்தால்தான் தெரியும். தோலும் சாறும் ஊறி, எத்தனை கழுவினாலும் எண்ணெய் கொட்டினது மாதிரியே இருக்கும். தண்ணீர் வடிகிற கால்வாய் அடைத்துக்கொண்டு வருஷக்கணக்காகிறது. வயசான பெண்கள் ஒவ்வொருத்தராக விழுந்தார்கள். சரிசெய்யச் சொல்லிக் கேட்டார்கள். நிர்வாகமும் யோசியோ யோசி என்று யோசித்து, கால்வாயை விட்டுவிட்டு, தாய் சி சொல்லித்தர ஆள் வைத்தது.

தாய் சி சீன தேசத்துப் பயிற்சி. கைகளை மெதுவாக வீசிக்கொண்டே உடம்பின் பாரத்தை ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாற்ற வேண்டும். வயசான பெண்கள் தடுமாறாமல் இருக்க நல்லது என்றாள், சொல்லித்தர வந்த சுஷ்மிதா. பிசியோதெரபி படித்தவள். பாவம், அவள் சொன்னதில் பொய்யில்லை. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வெட்கப்பட்டு நின்ற தாட்சாயணி, அடுத்த சீசனுக்குள் ஒற்றைக்காலில் அசையாமல் நின்றாள். அவளுக்கே பெருமையாக இருந்தது. அந்தப் பெருமைதான் வினையாக வந்து முடிந்தது.

அவளுக்குப் பக்கத்தில் நின்று தோல் சீவுகிற லட்சுமம்மா ஒருநாள் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டாள். சூப்பர்வைசர் ஆதிநாராயணன் எல்லோர் முன்னாலும் தாட்சாயணியைக் காட்டினான்.

“இந்தம்மா விழுந்துச்சா? ஒழுங்கா பிராக்டீஸ் பண்ணியிருந்தா அதுவும் விழுந்திருக்காது.”

பார்க்கப் போன தாட்சாயணியிடம் லட்சுமம்மா படுத்தபடியே சொன்னாள். “வுழுந்தது என் தப்பாம்க்கா. இனிமே வேலைக்கும் வர வேணாமாம். உன்னைக் காட்டியே என் வாய அடைச்சிட்டாங்க.”

தாட்சாயணிக்கு நெஞ்சு எரிந்தது.

மாங்கூழ் வாங்குகிற வெளிநாட்டுக்காரர்கள் ஃபேக்டரியைப் பார்க்க வருவதாகப் பேச்சு வந்தது. தோல் சீவுகிற இடத்திலேயே தாட்சாயணி தாய் சி செய்துகாட்ட வேண்டுமாம். அப்போதே அவள் முடிவு செய்துவிட்டாள். வாயால் சொன்னால் ஆதிநாராயணன்தான் அதை இங்கிலீஷில் சொல்வான். அவன் எப்படிச் சொல்வான் என்று யாருக்குத் தெரியாது? விழுந்தே காட்டிவிட்டால் யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. தரையின் லட்சணம் தெரியும், லட்சுமம்மா மேல் தப்பில்லை என்பதும் தெரியும். எலும்பு போனால் போகட்டும்.

அவர்கள் வந்தார்கள். இருப்பதிலேயே ஈரமான இடமாகப் பார்த்து நின்று, வலது காலைத் தூக்கினாள். கண்ணை இறுக மூடிக்கொண்டு உடம்பைச் சாய்த்தாள். இடது பாதம் வழுக்கியது. ஆயிற்று, லட்சுமம்மா, என்று மனசுக்குள் சொன்னாள்.

தூக்கிய கால் தானாக இறங்கி ஊன்றிக்கொண்டது. முழங்கால் மடங்கி, இடுப்பு தாழ்ந்து, கைகள் விரிந்து அவளைத் தாங்கின. பதறிப்போய் மறுபடியும் சாய்ந்தாள். மறுபடியும் நின்றாள். பாழாய்ப்போன உடம்பு, விழச் சொன்னால் கேட்கவில்லை.

வந்தவர்கள் கைதட்டினார்கள்.

“தரை வழுக்குது சார். லட்சுமம்மா இங்கதான் வுழுந்தா. நீங்களே தொட்டுப் பாருங்க,” என்றாள்.

ஆதிநாராயணன் சிரித்துக்கொண்டே இங்கிலீஷில் ஏதோ சொன்னான். அவர்கள் இன்னும் பலமாகத் தட்டினார்கள்.

மறுநாள், லட்சுமம்மாவின் இடத்தையும் சேர்த்துத் தாட்சாயணியே பார்த்துக்கொள்ளட்டும் என்று உத்தரவு வந்தது. அவள்தான் விழமாட்டாளே.