அம்மா விடவில்லை

நாற்பத்தோரு வயதில்தான் நான் ஒழுங்காகத் தண்டால் எடுக்கக் கற்றுக்கொண்டேன். முதல் நாள் நாலு. ஐந்தாவதற்கு இறங்கியவன் எழ முடியாமல், கன்னத்தைத் தரையில் வைத்தபடி கட்டிலுக்கு அடியிலிருந்த தூசியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு கிடந்தேன். மூன்றே மாதத்தில் நாற்பதுக்கு வந்துவிட்டேன். தொப்பை பாதியானது. ஆபீசில் இளவட்டங்கள், "என்னா சார், ஹீரோவாகப் போறீங்களா?" என்று ஓட்டினார்கள். ராணுவத்துக்கு என்று சொன்ன பிறகு ஓட்டுவதை நிறுத்திவிட்டார்கள்.

வேலையை விடாமலே சேரக்கூடிய ஒரு பிரிவு ராணுவத்தில் உண்டு. வருஷத்தில் இரண்டு மாதம் பயிற்சி, முதல் வருஷம் இன்னும் அதிகம். கூப்பிட்டால் எல்லைக்கும் போக வேண்டும். நாற்பத்திரண்டு வயது வரை சேரலாம் என்பதால் எனக்கு மிச்சமிருந்தது ஒரு வருஷம். எழுத்துத் தேர்வில் தேறிவிட்டேன். நேர்காணலுக்கு அழைப்பு வந்தது. கம்பெனியிலிருந்து ஆட்சேபணை இல்லை என்று ஒரு கடிதம் வேண்டும் என்றார்கள். அதைக் கேட்டு நான் மின்னஞ்சல் அனுப்பிய அன்றே மேனேஜர் மீட்டிங்கில் எல்லோரையும் எழுந்து நிற்கச் சொல்லி எனக்குக் கைதட்ட வைத்தார்.

ஏன் இந்த வயதில் என்று கேட்டவர்களிடம், சின்ன வயசு ஆசை என்றேன். அது பொய்யில்லை. ஜோகுபாளையத்தில் பிறந்து வளர்ந்தவன் நான். அல்சூர் ஏரிப் பக்கம் சிப்பாய்கள் வரிசையாக ஓடுவதைப் பார்த்துக்கொண்டேதான் பள்ளிக்கூடம் போனேன். அப்பா ராணுவ முகாமில் சமையல்காரர். ஆனால் ஆசை மட்டும் என்றால் இருபது வருஷமாக எங்கே போயிருந்தது?

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அம்மாவுக்குப் பக்கவாதம் வந்தது. வலது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. பேச்சும் போய்விட்டது. நாம் சொல்வது புரியும், பதில் மட்டும் வராது. வீட்டில் நாங்கள் மூன்று பேர்தான். அம்மாவைப் பார்த்துக்கொள்வதற்காக என் மனைவி தான் பார்த்துவந்த ஆசிரியை வேலையை விட்டாள். நான் விடவில்லை. சாயங்காலம் ஆபீஸ் பஸ்ஸிலிருந்து இறங்கி எங்கள் சந்துக்குள் திரும்பும்போதே நடையை மெதுவாக்கிவிடுவேன். மூத்திர வாடையும் மருந்து வாடையும் கலந்த அந்த அறைக்குள் போக வேண்டுமே என்றிருக்கும். படுத்த படுக்கையாகக் கிடக்கும் அம்மாவை விட்டுவிட்டு ஒருத்தன் இரண்டு மாதம் எங்கேயாவது போனால் காறித் துப்புவார்கள். நாட்டுக்காகப் போனால் மாலை போடுவார்கள். இதை நான் உட்கார்ந்து திட்டம் போட்டேன் என்று சொல்ல முடியாது. ஆனால் அந்த விளம்பரத்தைப் பார்த்த அன்று இரண்டு வருஷத்தில் முதல் முறையாக நன்றாகத் தூங்கினேன்.

மனைவி ஆனேக்கல்காரி. கோபம் வந்தால் தமிழில் ஆரம்பித்துக் கன்னடத்தில் முடிப்பாள். ஒரு பெரிய சண்டைக்குத் தயாராகித்தான் அவளிடம் விஷயத்தைச் சொன்னேன். அவள் சண்டை போடவில்லை. ஒரு நாள் முழுக்க யோசித்துவிட்டு மறுநாள் காபி கொடுக்கும்போது சொன்னாள்.

"போங்க. அத்தைய நான் பாத்துக்கறேன். அன்னிக்கி அவங்க உங்கள நிறுத்துனாங்க. இன்னிக்கி நானும் நிறுத்துனேன்னு உங்க மனசுல ஒரு கொற இருக்கக் கூடாது."

காபியைக் குடிக்காமல் கீழே வைத்தேன். ஏனென்றால் அன்றைக்கு என்னை யாரும் நிறுத்தவில்லை.

எனக்குப் பத்தொன்பது வயது இருக்கும்போது ஊரில் ராணுவத்துக்கு ஆள் எடுத்தார்கள். அப்பா இறந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. அம்மா ஒரு நர்சிங் ஹோமில் ஆயா வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். அன்று விடிவதற்குள் எழுந்து என் சட்டையை இஸ்திரி போட்டு, எலுமிச்சம்பழச் சாதம் கட்டிக்கொடுத்து, "பயப்படாம ஓடு" என்று சொல்லி அனுப்பினாள். மைதானத்தில் ஆயிரக்கணக்கில் பையன்கள். உயரம் பார்த்தார்கள், மார்பு அளந்தார்கள், இரண்டிலும் தேறினேன். அடுத்தது ஓட்டம். எனக்கு முந்தைய வரிசை ஓடி முடித்து வந்து ஓரமாக வாந்தி எடுத்தது. ஒருவனை இரண்டு பேர் தாங்கிக்கொண்டு போனார்கள். எங்கள் வரிசையை நகரச் சொன்னார்கள். நான் ஒன்றுக்குப் போவது போல ஒதுங்கி, வேலி ஓரமாக நடந்து, வெளியே வந்து பஸ் ஏறிவிட்டேன். எலுமிச்சம்பழச் சாதத்தை ஏரிக்கரையில் உட்கார்ந்து சாப்பிட்டேன்.

தெருமுனையில் கூட்டாளிகள் பிடித்துக்கொண்டார்கள். "இன்னாடா ஆச்சு?" என்றார்கள். வாயில் அதுவாக வந்து விழுந்தது: "அம்மா விடலடா. ஒத்தப் புள்ளன்னு ஒரே அழுகை."

அன்று மாலைக்குள் செய்தி தெரு முழுக்கப் போய்விட்டது. எதிர்வீட்டு அக்கா வாசலில் நின்று அம்மாவிடம் கேட்டார்: "இன்னாக்கா நீ, புள்ள நல்லபடியா போறத ஏன் தடுத்த?" நான் உள்ளே சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றேன். அம்மா சொன்னாள்: "ஆமா. ஒத்தப் புள்ளபா. எப்படி அனுப்பறது?"

உள்ளே வந்து என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. டிபன் டப்பாவை வாங்கிக் கழுவப் போனாள். அதன்பிறகு என் வாழ்க்கையில் அந்தக் கதை நிலைத்துவிட்டது. பெண் பார்க்கப் போன இடத்தில்கூடச் சொன்னேன். மனைவி என்னை இரக்கத்தோடு பார்த்தது அதைக் கேட்டுத்தான்.

இப்போது அதே கதையை நம்பித்தான் அவள் என்னைப் போகச் சொல்கிறாள். உண்மையைச் சொன்னால் சம்மதம் போய்விடும். நேர்காணல் முடியட்டும், சொல்லிக்கொள்ளலாம் என்று தள்ளிப் போட்டேன்.

அம்மாவைக் கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு மாற்ற இரண்டு ஆள் வேண்டும். போர்வையை நாலாக மடித்துத் தொடைக்கு அடியில் நுழைத்து, ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்து, ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணித் தூக்குவோம். காலையில் ஆறு மணிக்குக் கழிப்பறைக்குக் கூட்டிப்போக வேண்டும் என்பதால் அதுதான் முதல் வேலை. நான் ஓட்டப் பயிற்சியை ஆரம்பித்தபோது ஐந்தரைக்குக் கிளம்பி ஏழு மணிக்குத்தான் வீடு திரும்பினேன். "நான் வந்ததும் தூக்கலாம், வெயிட் பண்ணு" என்று மனைவியிடம் சொல்லியிருந்தேன். திரும்பி வரும்போது அம்மா குளித்து, பவுடர் போட்டு, நாற்காலியில் உட்கார்ந்திருப்பாள். எப்படி என்று நான் கேட்கவே இல்லை. எதிர்வீட்டு அக்கா வந்து கை கொடுத்திருப்பார் என்று நானே முடிவு செய்துகொண்டேன். அந்த அக்காவுக்கு எழுபது வயது.

ஒரு நாள் பாதி ஓட்டத்தில் மழை பிடித்துக்கொண்டது. ஆறு மணிக்கெல்லாம் திரும்பிவிட்டேன். கதவு சாத்தியிருந்தது, தாழ்ப்பாள் போடவில்லை. தள்ளினேன்.

மனைவி எனக்கு முதுகைக் காட்டியபடி கட்டில் பக்கம் குனிந்து நின்றிருந்தாள். நைட்டிக்கு மேல், இடுப்பைச் சுற்றி ஒரு அகலமான பட்டை. இடுப்பு வலிக்காரர்கள் கட்டிக்கொள்வது. அம்மாவின் இரண்டு கைகளையும் எடுத்துத் தன் கழுத்தில் போட்டுக்கொண்டு, அம்மாவை மார்போடு கட்டிப் பிடித்திருந்தாள். "அத்தே, கெட்டியா பிடிச்சிக்கோங்க. பயப்படாதீங்க, நான் விட மாட்டேன்" என்று சொல்லிக்கொண்டே முன்னும் பின்னும் இரண்டு முறை ஆடி, ஒரே மூச்சில் தூக்கினாள். வாயிலிருந்து ஒரு முனகல் வந்தது. அப்படியே அரை வட்டம் திரும்பி அம்மாவை நாற்காலியில் இறக்கப் போனாள். கால் வழுக்கியிருந்தால் இரண்டு பேரும் விழுந்திருப்பார்கள்.

தூக்கியபோது அம்மாவின் முகம் அவள் தோளுக்கு மேல் வந்தது. அம்மா என்னைப் பார்த்தாள். சொட்டச் சொட்ட நனைந்து, விலை கூடிய ஷூவோடு, மூன்று மாதம் உடம்பை முறுக்கேற்றிக்கொண்டு வாசலில் நிற்கும் மகனைப் பார்த்தாள்.

நான் ஓடிப் போய்ப் பிடித்தேன் என்று எழுதத்தான் கை வருகிறது. நான் கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் படி இறங்கிப் போனேன். டீக்கடைக் கூரையின் கீழ் நின்றுவிட்டு, ஏழு மணிக்கு, தினமும் போல மூச்சு வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். அம்மா நாற்காலியில் பவுடரோடு உட்கார்ந்திருந்தாள். அன்று முழுக்க அவள் பக்கம் திரும்ப எனக்குத் துணிச்சல் வரவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை மனைவி சமையலறையில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். எதிரே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். மைதானம், வேலி, ஏரிக்கரை, தெருமுனையில் சொன்ன பொய். மழை நாளில் கதவைச் சாத்திக்கொண்டு போனதையும் சொன்னேன். அவள் நறுக்குவதை நிறுத்தவில்லை. எல்லாம் முடிந்த பிறகு கத்தியைக் கீழே வைத்தாள்.

"ஒயிட்ஃபீல்டுல ஃபிளாட் பாத்தோமே, ஞாபகம் இருக்கா?"

இருந்தது. அம்மா ஜோகுபாளையத்தை விட்டு வரமாட்டேன் என்று சொல்லி வீடே ரணகளமானது. அம்மாவுக்குப் பக்கவாதம் வருவதற்கு ஒரு வருஷம் முன்னால்.

"அன்னிக்கி நான் அத்தைய என்னா கேட்டேன்? உங்க புள்ளைய எங்கயுமே போக வுடாம அவரு வாழ்க்கையையே கெடுத்தீங்க, மிலிட்டரிக்குப் போறவரையும் அழுது அழுது நிறுத்தினவங்கதானே நீங்கன்னு மூஞ்சிக்கு நேரா கேட்டேன். அப்ப அவங்களுக்குப் பேச்சு நல்லா இருந்திச்சி. வாயத் தொறந்து இல்லம்மான்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம். சொல்லல." அவள் குரல் உடைந்தது. "நீங்க எங்க இருந்தீங்க அப்போ?"

நான் அதே அறையில் இருந்தேன். செய்தித்தாளைப் பிரித்து முகத்துக்கு நேராக வைத்துக்கொண்டிருந்தேன்.

"மாதாட பேடி" என்றாள். பேசாதீர்கள் என்று அர்த்தம். நான் எதுவுமே பேசியிருக்கவில்லை. எழுந்து, ஈரக் கையைக்கூடத் துடைக்காமல் அம்மாவின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். உள்ளே அவள் அழுவது கேட்டது. நெடுநேரம் கழித்து வெளியே வந்தாள். என்ன பேசினாள் என்று நான் கேட்கவில்லை. கேட்கும் உரிமை எனக்கு இல்லை.

நேர்காணலுக்கு நான் போகவில்லை. பத்தொன்பது வயதில் இருந்த அதே பயமா, அம்மாவை விட்டுப் போக மனசில்லையா, மனைவியின் இடுப்பு வலியா, எதனால் என்று எனக்கே இன்னும் தெளிவில்லை. அம்மாவுக்காக என்று மட்டும் இந்த முறை சொல்லக் கூடாது என்பதில் தெளிவாக இருந்தேன். அது உண்மையாகவே இருந்தாலும் சொல்லக் கூடாது. ஆபீசுக்கு எழுதிய மின்னஞ்சலில், "என் சொந்த முடிவின்படி விலகிக்கொள்கிறேன், கடிதம் தேவையில்லை" என்று ஒரே வரி எழுதினேன்.

அடுத்த திங்கட்கிழமை மீட்டிங்கில் மேனேஜர் என் தோளில் கை போட்டார்.

"காரணம் எழுதல அவரு. ஆனா எனக்குத் தெரியும். வீட்ல அம்மா படுத்த படுக்கையா இருக்காங்க. எத்தன வருஷ ஆசை, மூணு மாசமா எப்படி ஒழைச்சாரு, நாமெல்லாம் பாத்தோம்ல? அம்மாவுக்காக அத்தனையும் விட்டுட்டாரு. அதானே சார்?"

இருபது முகங்கள் என்னைப் பார்த்தன. முன்னால் உட்கார்ந்திருந்த பெண்ணுக்குக் கண் கலங்கியிருந்தது. இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"ஆமா சார்" என்றேன்.

மறுபடியும் எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். போன முறையைவிடச் சத்தம் அதிகம்.

அன்று மாலை அம்மாவுக்குச் சாப்பாடு ஊட்டும் முறை என்னுடையது. ரசம் சாதத்தைக் குழையப் பிசைந்து எடுத்துக்கொண்டு அவள் எதிரே உட்கார்ந்தேன். இரண்டு வாய் ஊட்டிய பிறகு என்னால் முடியவில்லை.

"அம்மா, இன்னிக்கும் உன் பேரத்தான் சொல்லிட்டு வந்துட்டேன்" என்றேன்.

அம்மா என்னையே பார்த்தாள். கோபமா, இரக்கமா, எதையாவது அந்த முகத்தில் தேடினேன். அதில் பாதி அசைவதே இல்லை. அவள் அடுத்த கவளத்துக்கு வாயைத் திறந்துகொண்டு காத்திருந்தாள்.