வெள்ளைத் துணி போட்ட கதிரை

தங்கவேலு அண்ணன் இறந்த செய்தி எனக்குக் கதிரைகளோடு வந்தது. அக்குறணையில் பந்தலும் கதிரையும் வாடகைக்கு விடும் பாரூக் நாநா காலையில் தொலைபேசியில் அழைத்தார்.

"தம்பி, நம்மட தங்கவேலு தவறிட்டாரு. பேராதனை ஆஸ்பத்திரியில. புசல்லாவைக்குக் கொண்டு போறாங்களாம். நான் கதிரை ஏத்திக்கிட்டு இருக்கேன். லொறியில முன்னுக்கு எடம் இருக்கு, வாறீங்களா?"

போனேன். கம்பளை தாண்டியதும் நாநா, "கொஞ்சம் வெரசாப் போகணும். பிந்திப் போனா மனுசன் ஏசுவாரு" என்றார். அடுத்த வளைவில்தான் அது எங்கள் இருவருக்கும் உறைத்தது.

அண்ணனை அறிந்தவர்களுக்கு அறிமுகம் தேவையில்லை; அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கண்டி நகரில் ஒரு மண்டபத்துக்குப் பொறுப்பாளராக இருந்தார். கல்யாணம், பரிசளிப்பு, இரங்கல் கூட்டம் எல்லாவற்றுக்கும் அங்கே கதிரை போடுவது அவர் வேலை. போர் முடிந்த பிறகு இவற்றோடு ராஜதந்திரமும் சேர்ந்துகொண்டது. வெளிநாட்டுத் தூதுவர்கள் அடிக்கடி வந்த காலம் அது. தலதா மாளிகையைத் தரிசித்துவிட்டு, மண்டபத்துக்கு வந்து நல்லிணக்கம் பற்றிக் கேட்டுவிட்டு, இருட்டுமுன் கொழும்புக்குத் திரும்பிவிடுவார்கள்.

ஜெனீவாவின் மனித உரிமைச் சபையில் நம் நாட்டைப் பற்றித் தீர்மானங்கள் வரத் தொடங்கியதும் கதிரை போடுவது சிக்கலான கலையாகிவிட்டது. யாரை எங்கே இருத்துவது என்று மேலிடத்திலிருந்து தொலைபேசியில் சொல்வார்களாம். எழுத்தில் தரமாட்டார்கள். பத்திரிகைக்காரனான எனக்கு அண்ணன் அதை விளக்கியது இப்படி:

"எங்களுக்கு எதிரா வோட்டுப் போட்ட நாட்டுக்கு கை வைக்காத கதிரை. ஆதரவாப் போட்டவனுக்குக் குஷன். எந்தப் பக்கமும் போடாதவனத் தூணுக்குப் பக்கத்துல வச்சிருக்கேன். மேடை பாதி தெரியும், பாதி தெரியாது. அவனும் ஜெனீவாவுல அப்படித்தானே இருந்தான்?"

சொல்லிவிட்டுச் சிரிக்கமாட்டார். என்னாலும் அதை எழுத முடியவில்லை. அந்த ஆண்டுகளில் நகைச்சுவையை அச்சிடுவதற்கு நிறையத் துணிச்சல் வேண்டியிருந்தது.

அவருக்குச் சிரிப்பு வராததற்கு வேறு காரணமும் இருந்தது. அவருடைய அக்கா பார்வதியின் ஒரே மகன் சந்திரன், கொழும்பில் ஒரு புடவைக் கடையில் வேலை செய்தான். போரின் கடைசி ஆண்டில் பகல் சாப்பாட்டுக்கு வெளியே போனவனை ஒரு வாகனத்தில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அதற்குப் பிறகு அவனைக் கண்டவர் இல்லை. அக்கா ஏறாத அலுவலகம் இல்லை. எல்லா இடத்திலும் அவரை வெளியே நிற்கச் சொன்னார்கள். வெளிநாட்டுக்காரர் வரும் நாட்களில் புசல்லாவையிலிருந்து முதல் பஸ் ஏறி வந்து, மகனின் படத்தோடு தம்பி வேலை செய்யும் மண்டபத்தின் வாசலிலேயே நிற்பார். அழைப்பு இல்லாதவருக்கு உள்ளே அனுமதி கிடையாது.

ஒருமுறை அதே மண்டபத்தில், வெளிநாட்டார் நம் விஷயத்தில் மூக்கை நுழைக்கக் கூடாது என்று கண்டனக் கூட்டம் நடந்தது. அதற்கும் அண்ணன்தான் கதிரை போட்டார். கூட்டம் முடிந்து கதிரைகளை அடுக்கும்போது நான் பக்கத்தில் நின்றேன். அவர் தலை நிமிராமல் சொன்னார்: "உள்ளூர்க்காரன் ஒருத்தன் கூப்பிட்டு, 'என்னம்மா நடந்துச்சு'ன்னு கேட்டிருந்தா, எங்கக்கா எதுக்கு வெள்ளைக்காரன் மொகத்தப் பாத்துக்கிட்டு நிக்கப் போகுது?"

அடுத்து ஒரு தூதுவர் வரவிருந்தபோது, அக்காவுக்கு ஒரு கதிரை தரும்படி ஏற்பாட்டு அதிகாரியிடம் நேரடியாகவே கேட்டார். இடமில்லை என்று பதில் வந்தது. "எடமில்லன்னு சொல்றவன் எவனும் மண்டபத்தப் பாத்துட்டுச் சொல்றதில்ல தம்பி. ஆளப் பாத்துட்டுத்தான் சொல்றான்" என்றார் என்னிடம்.

அந்தக் கூட்டத்தில் முன்வரிசையில், தூதுவருக்கும் ஒரு வயதான பிக்குவுக்கும் நடுவே ஒரு கதிரை வெள்ளைத் துணி போர்த்தி வெறுமையாக இருந்தது. நம் நாட்டில் அந்தத் துணியின் பொருள் குழந்தைக்கும் தெரியும். அது மதகுருவுக்கு உரிய ஆசனம். வேறு யாரும் அதில் உட்காரமாட்டார்கள், நகர்த்தவும் மாட்டார்கள். இன்னொரு பிக்கு வரப்போகிறார் என்று எல்லோரும் நினைத்தார்கள். உட்கார இடமில்லாமல் நின்ற மாகாண அரசியல்வாதி ஒருவர்கூட அதைப் பார்த்துவிட்டு விலகிப் போனார்.

உரைகள் முடிந்து தேநீர் வரும் நேரத்தில் அண்ணன் நடந்து வந்தார். பிக்குவைக் கும்பிட்டார். துணியை இரண்டு கையாலும் எடுத்து, மடித்து, மேசை மேல் வைத்தார். பிறகு பக்கவாசல் வழியாக அக்காவைக் கூட்டிவந்து, "உக்காருக்கா. இப்ப இது வெறும் கதிரைதான்" என்றார்.

அதிகாரி பாய்ந்து வந்தார். பிக்கு அந்தப் பெண்ணையும் அவர் கையிலிருந்த படத்தையும் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. அவர் ஒன்றும் சொல்லாதவரை அதிகாரியாலும் ஒன்றும் சொல்ல முடியவில்லை. தூதுவரோடு வந்த மொழிபெயர்ப்பாளர் குனிந்து நிற்க, பார்வதி அக்கா மகனின் பெயரையும் அவன் அன்று போட்டிருந்த சட்டையின் நிறத்தையும் சொன்னார். தூதுவர் ஆழ்ந்த அக்கறை தெரிவித்தார். அந்த ஆண்டுகளில் எங்களுக்குத் தாராளமாக இறக்குமதியான பொருள் அதுதான்.

சந்திரன் வரவில்லை. தூதுவர் பதவி உயர்வோடு வேறு நாட்டுக்குப் போனார். அண்ணனுக்கும் மாற்றம் வந்தது, பொருட்கள் போட்டு வைக்கும் ஒரு களஞ்சியத்துக்கு. அங்கே உட்கார வருபவர் எவருமில்லை. வருத்தமா என்று கேட்டேன். "எதுக்கு? போடணும்னு நெனச்ச கதிரையப் போட்டுட்டேன்" என்றார்.

புசல்லாவையில் நாநாவின் ஆட்கள் கதிரைகளை இறக்கி வரிசையாகப் போட்டார்கள். அண்ணன் போடுவதுபோல் நேராக வரவில்லை. பார்வதி அக்கா தம்பியின் தலைமாட்டில் நின்றார். நாநா ஒரு கதிரையைத் தூக்கிக்கொண்டு வந்து, "உக்காருங்க தங்கச்சி, எவ்வளவு நேரம் நிப்பீங்க?" என்றார்.

"நின்னே பழகிப்போச்சு நாநா" என்றார் அக்கா. "எல்லா எடத்துலயும் நின்னுக்கிட்டுத்தான் சொன்னேன் எம்புள்ள பேர. ஒரே ஒருக்காதான் உக்காந்து சொன்னேன். அது இவன் போட்டது."

நாநா கதிரையைக் கீழே வைத்துவிட்டு லொறிப் பக்கம் போய்விட்டார்.

அண்ணன் நினைவாக என்னிடம் பொருள் எதுவும் இல்லை. ஒரு பழக்கம் இருக்கிறது. எந்தக் கூட்டத்துக்குப் போனாலும் உள்ளே உட்காருவதற்கு முன் வாசலை ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொள்கிறேன். போர் முடிந்து இத்தனை காலமாகியும், அங்கே பெரும்பாலும் ஒரு தாய் படத்தோடு நின்றுகொண்டிருக்கிறார்.